குதிரைமலைக் கோட்டானும் முத்துக்குளித் துறையும்

தூத்துக்குடி என்றவுடன் வ.உ.சி.யின் கப்பல், உப்பு, முத்து, அப்புறம் மக்ரூன்... அநேகமாக இந்த வரிசையில்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கோட்டான் யாருக்கும் நினைவுக்கு வராது. வந்தாலும் ஆந்தைதான் வரும். ஏனென்றால் கோட்டான் என்றால் ஆந்தை என்று அகராதியும் சொல்கிறது, வீட்டில் பாட்டியும் சொல்கிறாள்.

ஆனால் கடற்கரைத் தமிழில் கோட்டான் வேறு ஒரு பறவை. கோழி அளவு உடம்பு, மண்ணும் சாம்பலும் கலந்த நிறம், நீண்ட கால். அரிவாள் போலக் கீழே வளைந்த அலகு மட்டுமே ஏறக்குறைய அரை அடி இருக்கும். சேற்றுக்குள் அலகை முழுசாக விட்டு நண்டையும் புழுவையும் இழுக்கும். பறக்கும்போது "கூர்ர்...லீ, கூர்ர்...லீ" என்று ஏக்கமாகக் கத்தும். ஆங்கிலத்தில் இதன் பெயர் கர்லியூ. அந்தப் பெயரே அதன் குரல்தான். தமிழ்ப் பறவை நூல்களில் இதற்கு இன்னொரு பெயரும் இருக்கிறது: குதிரைமலைக் கோட்டான்.

குதிரைமலை என்பது மன்னார் வளைகுடாவின் அந்தப் பக்கம், இலங்கையின் வடமேற்குக் கரையில் உள்ள ஒரு முனை. அதற்குச் சற்று வடக்கே அரிப்பு. இலங்கை முத்துக்குளிப்பின் தலைமையிடமாக இருந்த இடம் அது. ஆக, இந்தப் பறவையின் பெயரிலேயே முத்துக்கடலின் ஒரு முகவரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முத்துக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அதுவும் சம்பளப் பட்டியல் வழியாக!

முத்துக்குளிப்பு அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம். அதே அளவுக்கு நம்ப முடியாத வருமானமும்கூட. பார்களில் சிப்பி விளைந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கொஞ்சம் சிப்பியை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்டுத்தான் அந்த ஆண்டு குளிப்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்வார்கள். (இன்றைய ஆடிட்டர்கள் செய்யும் மாதிரிச் சோதனைக்கு மிகப் பழைய உதாரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.) பல சமயம் சிப்பி இருந்த இடமே தெரியாமல் காலியாகிவிடும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் பல ஆண்டுகள் தொடர்ந்து குளிப்பே நடக்கவில்லை. காரணம் கண்டுபிடிக்க அரசாங்கம் இயற்கை அறிஞர்களை அமர்த்தியது.

முதலில் வந்தவர் எட்வர்ட் ஃபிரடெரிக் கெலார்ட். இலங்கையிலேயே பிறந்த ராணுவ மருத்துவர். 1852இல் இலங்கை விலங்குகளைப் பற்றிய ஒரு நூலை வெளியிட்டிருந்தார். 1850களின் கடைசியில் முத்துச்சிப்பியை ஆராய்ந்தார். 1860இல் இறந்துபோனார். அவருக்குப் பிறகு அதே வேலைக்கு இங்கிலாந்திலிருந்து வந்தவர் ஹோல்ட்ஸ்வொர்த். அரிப்பில் வேலை. சிப்பி எப்போதும் கடலடியில், பறவை எப்போதும் கண்ணெதிரில். மனுஷன் என்ன செய்வார்? பறவைகளைக் குறித்து வைக்க ஆரம்பித்தார். ஊர் திரும்பியபின் 1872இல் இலங்கைப் பறவைகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். சில ஆண்டுகள் கழித்து லெக் எழுதிய பெரிய இலங்கைப் பறவை நூலில் ஹோல்ட்ஸ்வொர்த்தின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

முத்துச் சிப்பி ஏன் காணாமல் போகிறது என்ற கேள்வி அவருக்குப் பிறகும் கேள்வியாகவே இருந்தது. தூத்துக்குடிக் கரையில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதோடு சரி. ஆனால் சம்பளத்தில் சேராத அந்த உபரி வேலை, பறவைப் பட்டியல், நின்றுவிட்டது.

இந்தப் பக்கம் சென்னை மாகாணத்தில் டி.சி. ஜெர்டன் இருந்தார். இவரும் ராணுவ மருத்துவர்தான். (அந்தக் காலத்து டாக்டர்களுக்கு நோயாளிகளே வரமாட்டார்களோ என்று சந்தேகம் வருகிறது.) 1862 முதல் 1864 வரை வெளியான அவருடைய இந்தியப் பறவை நூலில் ஒரு நல்ல காரியம் செய்தார். லத்தீன் பெயர், ஆங்கிலப் பெயரோடு நிற்காமல் இந்துஸ்தானி, தெலுங்கு, தமிழ் என்று உள்ளூர்ப் பெயர்களையும் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். கெலார்ட் இறந்தபின் ஒரு சில்லைக்கு அவருடைய பெயரை வைத்தவரும் ஜெர்டன்தான்.

உள்ளூர்ப் பெயர் என்பது வெறும் அலங்காரம் இல்லை. ஜெர்டன் பெயரையே தாங்கிய ஒரு பறவை உண்டு, ஜெர்டன் கோர்சர். 1900க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை, அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1986இல் ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் அது மறுபடி கிடைத்தபோது உதவியது அந்தப் பகுதியில் பறவை பிடிப்பவர்களின் அறிவுதான். அவர்களுக்கு அது 'கலிவி கோடி'. அவர்கள் கணக்கில் அது தொலையவே இல்லை.

சரி, அந்தக் காலத்தில் பறவையை எப்படி அடையாளம் கண்டார்கள்? சுட்டுத்தான். சுட்டு, கையில் எடுத்து, அலகையும் இறக்கையையும் அளந்து, தோலை உரித்துப் பஞ்சடைத்துப் பெட்டியில் வைத்தால்தான் அது 'பார்த்த' பறவை. தூரத்தில் பார்த்தேன், குரலைக் கேட்டேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். இன்று படிக்கக் கொடுமையாக இருந்தாலும், நல்ல பைனாகுலரோ வழிகாட்டிப் புத்தகமோ இல்லாத காலத்தில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே சான்று அதுதான்.

ஆனால் துப்பாக்கி இல்லாமல் அடையாளம் சொல்வது நம்மவர்களுக்குத் தெரியாத கலை அல்ல. சங்கப் பாடல்களில் கணந்துள் என்று ஒரு பறவை வருகிறது. நீண்ட கால்கள் உடையது, தெளிந்த சோகக் குரல் உடையது, வழிப்போக்கர்களுக்கு ஆபத்தை அறிவிப்பது. தோற்றம், ஓசை, நடத்தை மூன்றும் வந்துவிட்டன. இன்றைய பறவை வழிகாட்டிகள் கேட்பதும் இதே மூன்றைத்தான். அது ஆள்காட்டி என்பாரும் உண்டு, நெடுங்கால் உள்ளான் என்பாரும் உண்டு. சத்திமுற்றப் புலவரின் நாரைப் பாட்டு இன்னும் துல்லியம். காலின் நிறம், அலகின் நிறம், அலகின் வடிவத்துக்குப் பிளந்த பனங்கிழங்கு, தெற்கே குமரிக்கு வந்து வடக்கே திரும்பும் வழக்கம்... இவ்வளவும் அதில் இருப்பதால்தான் அது வலசை வரும் செங்கால் நாரை என்று பறவை ஆர்வலர்கள் சொல்ல முடிகிறது. பனங்கிழங்கைப் பிளந்து பார்த்தவர்களுக்கு வண்ணப்படம் தேவையே இல்லை.

மேற்கே இந்த வழி வெகுஜனங்களுக்குத் திறந்தது 1934இல். அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் என்ற இளைஞர் ஒரு சிறு கையேடு வெளியிட்டார். ஒவ்வொரு பறவையிலும் தூரத்திலிருந்தே தெரியும் ஒன்றிரண்டு அடையாளங்களை மட்டும் அம்புக்குறி போட்டுக் காட்டினார். அவ்வளவுதான் புதுமை. துப்பாக்கி வேண்டாம், கண் போதும் என்று ஆகிவிட்டது. ஏழு ஆண்டுகளில் இந்தியாவுக்கும் ஒரு புத்தகம் வந்தது, 1941இல் சாலிம் அலி எழுதியது. தமிழில் இந்த வேலையை ரசனையோடு செய்தவர் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் (1912–1996). அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். பேராசிரியர் க. ரத்னம் தமிழ்ப் பறவைப் பெயர்களைத் திரட்டினார். பி.எல். சாமி சங்க இலக்கியப் பறவைகளுக்கு விளக்கம் எழுதினார். இவர்கள் இல்லாவிட்டால் கோட்டானை ஆந்தை என்று சொல்பவர்களைத் திருத்த ஆளே இருந்திருக்காது.

இப்போது உப்பளத்துக்கு வருவோம். தூத்துக்குடி உப்பளங்கள் மனிதன் தன் லாபத்துக்குக் கட்டியவை. ஆனால் ஆழமில்லாத நீர், சேறு, நீரில் சிறு இறால்கள் என்று பறவைக்கு வேண்டியதெல்லாம் அங்கே அமைந்துவிட்டது. பூநாரையைத் தவறவிட முடியாது. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டித் தின்னும் பறவை வேறெது? நெடுங்கால் உள்ளானும் சுலபம்: கறுப்பு இறக்கை, வெள்ளை உடம்பு, குச்சி போன்ற இளஞ்சிவப்புக் கால். பவளக்காலி பெயரிலேயே அடையாளத்தை வைத்திருக்கிறது. ஆள் வந்தால் முதலில் கத்தி ஊரைக் கூட்டுவதும் அதுதான். கடலுக்குள் ஆலாக்கள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி விழுந்தால் கீழே மீன் கூட்டம் இருக்கிறது என்பது வலைக்காரர்களுக்குத் தெரியும். நடத்தையை வைத்துப் பறவையை அறிவது ஒன்று, பறவையை வைத்து மீனை அறிவது அதற்கும் மேலே.

கஷ்டம் சிறு உள்ளான்களில்தான். குளிர்காலத்தில் எல்லாம் ஒரே சாம்பல், ஒரே வெள்ளை. அலகு நேரா வளைவா, கால் கறுப்பா பச்சையா, ஓடி நின்று கொத்துகிறதா, தையல் மெஷின் மாதிரி குத்திக்கொண்டே போகிறதா என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். நிபுணர்களே திணறுவார்கள். மணல் உப்புக்கொத்தி என்று ஒரே இனமாக எண்ணி வந்ததை 2023 வாக்கில் சைபீரிய வகை, திபெத்திய வகை என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். பழைய கணக்குப் புத்தகத்தைப் புதுத் தலைப்பில் மறுபடி எழுத வேண்டியதுதான்!

கோட்டானிலும் இதே சிக்கல் உண்டு. பெரிய கோட்டானும் சின்னக் கோட்டானும் ஒரே கரையில் மேயும். சின்னதற்கு அலகு குட்டை, தலையில் பட்டைக் கோடுகள், குரல் ஏழெட்டு முறை அடுக்கிய விசில். தூரத்தில், கானல் ஆடும் வெயிலில், தனியாக நின்றால் எது என்று சொல்வது கடினம்.

சொல்ல முடியாமல் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். இவற்றின் உறவினரான மெல்லலகுக் கோட்டான் சைபீரியாவுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே வலசை போன பறவை. அதையும் பெரிய கோட்டானையும் பிரித்தறிவது லேசான வேலை அல்ல. எத்தனை மிச்சம் என்ற கணக்குச் சரியாகத் தெரிவதற்குள் குறைந்துகொண்டே போனது. உறுதியாகக் கடைசியில் பார்த்தது 1995இல், மொராக்கோவில். 2025 அக்டோபரில் அது அழிந்துவிட்டதாக ஐ.யு.சி.என். அறிவித்தது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆயின. அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் தேய்ந்துகொண்டே வந்ததால் அதைச் சுற்றிச் செயற்கைப் பவளத்திட்டுகள் போட்டார்கள். தீவு தேய்ந்தால் அலையேற்றத்தின்போது கோட்டான் ஒதுங்கி நிற்கும் திட்டும் தேயும்.

2011 முதல் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நெல்லை, தூத்துக்குடிக் குளங்களில் கல்லூரிப் பிள்ளைகளும் பெரியவர்களும் பைனாகுலரோடு போய் எண்ணுகிறார்கள். ஆசிய அளவிலான கணக்கெடுப்பு 1987இலேயே தொடங்கிவிட்டது. அதன் படிவத்தில் பெரிய கோட்டானுக்கு ஒரு வரி, சின்னக் கோட்டானுக்கு ஒரு வரி உண்டு. எது என்று தெரியாமல் பறந்துவிட்டால் எழுதுவதற்கு, 'இனம் தெரியாத பெரிய கரைப்பறவை' என்று கீழே இன்னொரு வரியும் இருக்கிறது.