கோடையில் தடம் பார்த்தவர்கள்

குன்றத்தூர் என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருபவை மலைமேல் இருக்கும் முருகன் கோயிலும் செம்பரம்பாக்கம் ஏரியும்தான். அதற்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் நீள்கின்றன. இந்த மண்ணுக்கும் மான் வேட்டைக்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவது கடினம். ஆனால் ஒரு பெருவேட்டை எப்படி ஆயத்தம் செய்யப்பட்டது என்பதைத் தமிழில் மிக விரிவாகச் சொன்னவர்களில் ஒருவர் இந்த ஊர்க்காரர். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராக இருந்த சேக்கிழார், பெரியபுராணத்தின் கண்ணப்ப நாயனார் வரலாற்றில், திண்ணனார் என்ற இயற்பெயரோடு வாழ்ந்த காலத்தில் அவர் ஆடிய முதல் வேட்டையை நுணுக்கமாக எழுதியிருக்கிறார். பக்தி நூலாகவே படிக்கப்பட்டுவந்த அந்தப் பகுதியை வேட்டைத் தொழிலின் ஆவணமாகவும் படிக்கலாம். அப்படிப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. வேட்டையின் பெரும்பகுதி அம்பு விடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. விலங்கு எங்கே மேய்கிறது, எங்கே நீர் குடிக்கிறது, எந்த வழியில் ஓடும், கூட்டத்தில் சினைப்பிணை எத்தனை என்று முன்கூட்டியே பார்த்துவைப்பதுதான் தொழிலின் உயிர். வேட்டைக்கு ஓர் எல்லை இருந்தது என்றால், அந்த எல்லையும் இந்தப் பார்வையிலிருந்தே பிறந்தது என்பது என் வாதம். பிற்காலச் சட்டங்கள் கொலையைக் கட்டுப்படுத்தின, கடைசியில் தடுத்தும்விட்டன. அது நல்லதே. ஆனால் பார்வையைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அதன் இழப்பை இன்று நாம் சுமக்கிறோம்.

சேக்கிழார் சொல்லும் வரிசையைக் கவனிப்போம். திண்ணனாரின் தந்தையான வேடர் தலைவன் நாகனுக்கு வயதாகிவிடுகிறது. மாதந்தோறும் முறையாக நடந்துவந்த வேட்டை தடைப்படுகிறது. விலங்குகள் பெருகிப் புனத்தை அழிக்கின்றன. வேடர்கள் திரண்டு வந்து தலைவனிடம் முறையிடுகிறார்கள். ஆகவே வேட்டை இங்கே பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. ஒரு முறைமை தவறியதன் விளைவைக் கண்டறிந்தவர்களின் கோரிக்கையாகத் தொடங்குகிறது. பிறகு காட்டில் யோசனைத் தொலைவுக்கு வலைகளைப் பிணித்துக் கட்டி, சுற்றிலும் காவல் வைக்கிறார்கள். அது முடிந்த பிறகே திண்ணனாரிடம் வந்து சேர்கிறார்கள். அவரும் வேடர்களும் நாய்களை அவிழ்த்துவிட்டுக் காட்டுக்குள் நுழைகிறார்கள். துடியும் பம்பையும் முழங்க, கைதட்டிக் கூவி விலங்குகளை எழுப்புகிறார்கள். வலையை எங்கே கட்டுவது? மான் எந்தத் தடத்தில் இறங்கும், பன்றி எந்தப் புதரிலிருந்து கிளம்பும் என்று தெரியாமல் அத்தனை நீள வலையைக் கட்ட முடியாது. தெரியாமல் கட்டினால் உழைப்பு அத்தனையும் வீண். வலையின் இடமே முன்பு நடந்த நோட்டத்துக்குச் சாட்சி.

இதைவிட முக்கியமான சாட்சி அடுத்து வருகிறது. அந்த வேடர்கள் யானைக்கன்றைத் தொடரவில்லை, குட்டிகளைக் கொல்லவில்லை, சினையால் நடை தளர்ந்த பிணையை அலைக்கவில்லை என்று சேக்கிழார் குறிப்பிடுகிறார். நாய் குரைத்து, பறை முழங்கி, காடே கலங்கி ஓடும் நேரத்தில் ஒரு பிணை சினையா இல்லையா என்று நின்று ஆராய எவருக்கும் நேரம் இருக்காது. முந்தைய நாட்களில் கூட்டத்தைப் பார்த்து வைத்தவனால்தான் அந்த நொடியில் வில்லைத் தாழ்த்த முடியும். ஆகவே விலக்கு என்பது இரக்கத்தால் மட்டும் நடப்பதன்று. முதலில் அது அறிவால் நடப்பது. அறிவு இல்லாத இடத்தில் இரக்கம் தாமதமாகவே வரும், அதற்குள் அம்பு போய்ச் சேர்ந்திருக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். அடியார் புகழ் பாட வந்த புலவர், தம் நாயகனின் வேட்டையை நல்லதாகக் காட்டத்தானே செய்வார்? கதை நடக்கும் இடமும் காளத்தி மலைப்பக்கம், குன்றத்தூர் அல்ல. மேலும் அதே வேட்டையில் மான், பன்றி, கரடி, புலி என்று ஏராளமான விலங்குகள் மடிகின்றனவே. மறுப்பில் நியாயம் உண்டு. இந்தப் பகுதியை வைத்துக்கொண்டு எல்லா வேடரும் எப்போதும் இப்படியே நடந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு புலவர் புகழ வேண்டும் என்றால், கேட்பவர்கள் புகழ் என்று ஏற்கும் ஒன்றைத்தான் சொல்வார். சினைப்பிணையை விடுவது நல்ல வேட்டையின் அடையாளம் என்பது அவர் காலத்துக் கேட்போருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கருத்து அவரோடு தொடங்கவும் இல்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகரின் 5ஆம் தூண் சாசனம் சினையாகவும் பால் கொடுப்பதாகவும் இருக்கும் ஆடுகளையும் பன்றிகளையும், ஆறு மாதம் நிறையாத குட்டிகளையும் கொல்லக் கூடாது என்று விதித்தது. அரசாணையாக வட நாட்டிலும், தொழில் ஒழுக்கமாகத் தொண்டை மண்டலத்துப் புலவர் ஒருவரின் வாக்கிலும் ஒரே விதி வெளிப்படுகிறது என்றால், அதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட இயலாது.

இங்கே பருவத்தைப் பற்றிப் பேச வேண்டும். குளிர்நாடுகளில் மான் வேட்டைக்குச் சட்டப்படி ஒரு பருவம் உண்டு. பெரும்பாலும் அது இலையுதிர் காலம். அதற்கு முந்தைய கோடையில் வேட்டையர்கள் காட்டோரமும் வயலோரமும் இருந்து மான்களை நோட்டமிடுவார்கள். அப்போது கலைமானின் கொம்பு மெல்லிய தோல் போர்த்தி வளர்ந்துகொண்டிருக்கும். எந்த மான் எந்த வயலில் மேய்கிறது என்று பார்த்து, குறித்து, பருவம் திறக்கும்வரை காத்திருப்பார்கள். பார்ப்பதற்கும் சுடுவதற்கும் இடையே சட்டமே ஒரு வேலி போட்டுவைத்திருக்கிறது. நம் சமவெளியில் நிலைமை வேறு. இங்கே மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. சித்திரை, வைகாசி வரும்போது தாங்கல்கள் வற்றிவிடும். ஏரியின் உள்வாயில் மட்டும் கொஞ்சம் ஈரமும் பசும்புல்லும் மிஞ்சும். சிதறிக் கிடந்த விலங்குகள் எல்லாம் அந்தச் சில இடங்களுக்கு வந்தே ஆக வேண்டும். காய்ந்துவரும் சேற்றில் பதிந்த குளம்புத் தடம் நாள்கணக்கில் அழியாது. புழுக்கையின் ஈரத்தை வைத்து எப்போது வந்தது என்று சொல்லிவிடலாம். மானைப் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. மானைக் கொல்லவும் இதைவிட எளிதான காலம் கிடையாது. தாகத்தோடு வரும் விலங்கு தப்பிக்க வழியே இல்லை. அதனால் நம் நிலத்தில் நோட்டம் பார்ப்பவனின் பொறுப்பு குளிர்நாட்டு வேட்டையனின் பொறுப்பைவிடப் பெரிது. அவனுக்கும் கொலைக்கும் நடுவே பருவம் என்ற வேலி இல்லை. வழக்கமும் மனக்கட்டுப்பாடும்தான் வேலி.

அந்த வேலியை உடைத்தது துப்பாக்கி மட்டும் அல்ல, பார்ப்பவனையும் சுடுபவனையும் பிரித்த புதிய ஏற்பாடு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் வேட்டைக்குப் போனபோது, தடம் பார்த்து வழிகாட்டியவர்கள் உள்ளூர் மக்கள். எந்தச் சோலையில் கடமான் படுத்திருக்கிறது என்று அறிந்தவன் ஒருவன், விசையை இழுத்தவன் வேறொருவன். அறிந்தவனுக்கு எதைச் சுட வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லை. சுட்டவனுக்கு அடுத்த ஆண்டும் அதே காட்டை நம்பி வாழ வேண்டிய கட்டாயம் இல்லை. விளைவு விரைவிலேயே தெரிந்தது. நீலகிரியில் 1877இல் வேட்டையர்களே ஒரு சங்கம் அமைத்தார்கள். 1879இல் சென்னை அரசு நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, வேட்டை கூடாத காலத்தை விதிக்க வழிசெய்தது. 1912இல் நாடு முழுமைக்கும் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முன்பு வேடன் தன் கண்ணால் தீர்மானித்ததை இப்போது நாட்காட்டி தீர்மானித்தது. நாட்காட்டி தேவைதான். காட்டை அறியாத துப்பாக்கிக்காரர்கள் பெருகியபோது வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அது அறிவுக்குப் பதிலாக வந்த ஊன்றுகோல் என்பதை மறக்கக் கூடாது.

நீலகிரிச் சங்கத்தின் பிற்கால வரலாறு என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. வேட்டை உரிமத்தை ஒழுங்குபடுத்தப் பிறந்த அமைப்பு மெல்ல மெல்ல விலங்கைக் காக்கும் அமைப்பாக மாறியது. அதோடு இணைந்து உழைத்த இ.ஆர்.சி. டேவிதார் 1963இல் நீலகிரியில் வரையாட்டைக் கணக்கெடுத்தார், 1970களில் அந்தப் பணியை மற்ற மலைகளுக்கும் விரித்தார். வேட்டையில் பழகிய கண்ணே கணக்கெடுக்கவும் உதவியது. விலங்கு எந்த நேரத்தில் எந்தச் சரிவுக்கு வரும், ஆண் எது, பெண் எது, குட்டி எத்தனை என்ற கேள்விகள் வேட்டையனுக்கும் ஆய்வாளனுக்கும் பொதுவானவை. விடை கிடைத்த பிறகு செய்வதில்தான் இருவரும் பிரிகிறார்கள். 2024இல் தமிழ்நாடு அரசு நடத்திய ஒருங்கிணைந்த வரையாட்டுக் கணக்கெடுப்பும் ஏப்ரல் இறுதியில், கோடையில்தான் நடந்தது. 1,031 வரையாடுகள் இருப்பதாக அது கண்டது. கோடை நோட்டம் இன்றும் தொடர்கிறது. வேட்டைக்கு முந்தைய வேலையாக இருந்தது பாதுகாப்புக்கு முந்தைய வேலையாகிவிட்டது.

1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் உரிமம் பெற்று வேட்டையாட அதில் இடம் இருந்தது. 1991இன் திருத்தம்தான் அந்த உரிமங்களை அடியோடு நீக்கியது. அந்தத் தடையை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். சென்னையைச் சுற்றியிருந்த புதர்க்காட்டின் எச்சமாகக் கிண்டியில் 2.7 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவும், அங்கே புள்ளிமானும் வெளிமானும் மிஞ்சியிருக்கும் நிலையில், வேட்டைக்கு இடமே இல்லை. ஆனால் தடை தன் போக்கில் இன்னொன்றையும் செய்தது. தடம் பார்க்கத் தெரிந்தவனைச் சந்தேகத்துக்குரியவனாக மட்டுமே பார்க்கும் பழக்கத்தை வளர்த்தது. காட்டை வாசிப்பதே குற்றத்தின் முதல் படி என்றானது.

அறிவைக் காப்பாற்றினால் திருட்டு வேட்டையும் வளரும் என்பது வலுவான அடுத்த மறுப்பு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளின் இருளர் மக்கள் இதற்கு நடைமுறையில் பதில் தந்திருக்கிறார்கள். அவர்கள் மான் வேட்டைக்காக அறியப்பட்டவர்கள் அல்லர். வயலெலி, உடும்பு, பாம்பு ஆகியவற்றின் தடத்தை நன்கறிந்தவர்கள். பாம்புத் தோல் வணிகம் தடைப்பட்டதும் அவர்கள் பிழைப்பு அற்றுப்போகும் நிலை வந்தது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதே திறமைக்குச் சட்டத்துக்குள் இடம் கொடுத்தது. வனத்துறையின் அனுமதியோடு பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து நஞ்செடுத்து, அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சு பாம்புக்கடிக்கான மருந்தாகிறது. 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேட இந்த இருளர்களில் இருவரான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அழைக்கப்பட்டார்கள். முதல் எட்டு நாட்களில் 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. திறமையை ஒடுக்கினால் அது இருட்டுக்குள் போகும், முறையான வேலை கொடுத்தால் வெளிச்சத்தில் நின்று காவல் காக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

தானியங்கிக் கேமராக்கள் இருக்கும்போது தடம் பார்ப்பவன் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கேமரா தன் முன்னே வந்ததை மட்டும் பதிவு செய்யும். அதை எந்த மரத்தில், எந்தத் தடத்தை நோக்கிக் கட்டுவது என்று அதற்குத் தெரியாது. திண்ணனாரின் வேடர்கள் வலை கட்டும்போது எதிர்கொண்ட அதே கேள்விதான் இதுவும்.

இந்தக் கேள்வி இன்று மிகக் கூர்மையாக எழும் இடம் குன்றத்தூரை ஒட்டிய தொழில் தடம்தான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து மேய்க்காலும் புதர்க்காடும் தொழிற்பேட்டைகளாக மாறிவருகின்றன. வேலையும் வருமானமும் வந்தன, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 2006இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ், பல திட்டங்களுக்கு மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தின் தரவு இருந்தால் போதும் என்பது நடைமுறை. அந்த ஒரு பருவத்தில் நிலத்தை யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அங்கே விலங்கு இருக்கிறதா இல்லையா என்ற பதில் அமைகிறது. நூலைப் பார்த்துப் பட்டியல் எழுதுபவர் ஒன்றும் காணமாட்டார். வற்றிய ஏரியின் உள்வாயில் விடியலில் நடந்து பழகியவர் எல்லாம் காண்பார். ஆகவே இந்தப் பகுதியின் ஒவ்வொரு மதிப்பீட்டிலும், நன்மங்கலம், வண்டலூர் போன்ற காப்புக்காடுகளின் கோடைக் கணக்கெடுப்பிலும், தடம் அறிந்த இருளர் மக்களை உரிய ஊதியத்தோடும் கையெழுத்திடும் அதிகாரத்தோடும் சேர்க்க வேண்டும். கொல்லும் உரிமையைச் சட்டம் எடுத்துக்கொண்டது சரியே. பார்த்துச் சொல்லும் உரிமையை அது பார்க்கத் தெரிந்தவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கே எத்தனை உயிர் மிஞ்சியிருக்கிறது என்று தெரியாத ஊர், எதை விட்டுவைப்பது என்று முடிவு செய்யவே முடியாது.