மருந்தைச் சுமக்கும் உலோகக் கூடு... எம்ஓஎஃப் என்றால் என்ன?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் பார்த்திருப்பீங்க. கல்தூண்கள், இணைக்கும் கம்பிகள், நடுவே காலி இடம். எம்ஓஎஃப்பும் ஏறக்குறைய அப்படித்தான். தூணுக்குப் பதில் உலோக அணு, கம்பிக்குப் பதில் கரிம மூலக்கூறு. இதற்கு அடித்தளமிட்ட கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் 2025 வேதியியல் நோபல் கிடைத்தது.

அந்தக் காலி இடத்தில் மருந்தை நிரப்பலாம். 2006இல் பிரான்ஸ் விஞ்ஞானிகள் ஒரு கிராம் எம்ஓஎஃப் தூளில் 1.4 கிராம் இபுபுரோஃபன் ஏற்றினர். வலிக்கு நாம வாங்குற அதே மருந்துதான்! ஆய்வகத்தில் அது முழுசா வெளியேற 6 நாள் ஆனது.

சிக்கல் என்னன்னா, அந்தத் தூளில் இருந்தது குரோமியம். உடலுக்கு ஆபத்தாகலாம். அதனால் 2010இல் இரும்பில் நானோ கூடுகள் செய்து எலிகளிடம் சோதித்தனர்.

தேனி மெடிக்கல்ல இந்த மாத்திரை கிடைக்குமா? இன்னும் இல்லை. இந்தப் பெயரைச் சொல்லி யாராவது விற்றால், டாக்டரிடம் கேட்காம வாங்காதீங்க.