ஒரு பழைய பக்கும் ஒரு பேஸ்பால் வீரரும்

முதல் வேலையில சேர்ந்தப்போ என்கிட்ட ரெண்டு வருஷ பாண்ட்ல கையெழுத்து வாங்கிட்டாங்க. புலம்பாத நாளே இல்லை. கர்ட் ஃப்ளட் கதையைப் படிச்சப்புறம்தான் நம்ம புலம்பல் எல்லாம் ஜுஜுபின்னு புரிஞ்சுது :-)

ஃப்ளட், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பேஸ்பால் அணிக்கு 12 சீசன் ஆடினவர். 1969 அக்டோபர்ல அவரை ஃபிலடெல்ஃபியா அணிக்கு மாத்திட்டாங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. கேக்கவும் வேண்டியதில்லை. ஒப்பந்தத்துல 'ரிசர்வ் க்ளாஸ்'னு ஒண்ணு இருந்துச்சு. காலம் முடிஞ்சாலும் அணியே அதைப் புதுப்பிச்சுக்கலாம். மத்த அணிகள் அந்த வீரரைத் தொடாது. ஆக, ஆயுசுக்கும் பாண்ட்!

போட்டி கம்பெனிகள் இப்படிக் கூடிப் பேசி வச்சுக்கிட்டா அது தப்புன்னு அமெரிக்காவுல 1890லயே ஷெர்மன் சட்டம் வந்தாச்சு. அப்போ பேஸ்பால் எப்படித் தப்பிச்சுது?

1922ல வந்த ஒரு தீர்ப்பாலதான். பெரிய லீக்குகளை எதிர்த்து பால்டிமோர் அணி போட்ட வழக்குல, பேஸ்பால் ஆட்டம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் இல்லை, அதனால இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அணிகள் மாநிலம் மாநிலமா ரயில் ஏறிப் போனதெல்லாம் கணக்குலயே இல்லை. 1953ல இன்னொரு வீரர் கேட்டப்போ, 'இத்தனை வருஷமா இதை நம்பித் தொழில் நடக்குது, மாத்தணும்னா காங்கிரஸ் மாத்தட்டும்'ங்கிற மாதிரி பதில். வேடிக்கை என்னன்னா, 1957ல அமெரிக்க ஃபுட்பால் அதே சலுகையைக் கேட்டப்போ கோர்ட் தரலை. பேஸ்பாலுக்கு மட்டும்தானாம்.

நம்ம ஆளுங்களுக்கு இது பழக்கமான கதைதான். பழைய கோட்ல ஒரு பக் இருக்கும். எல்லாருக்கும் தெரியும். ஆனா அதை நம்பி மேல நூறு மாட்யூல் கட்டிட்டதால யாரும் கை வைக்க மாட்டாங்க.

ஃப்ளட் கை வச்சார். 12 வருஷம் ஆடின நான் வாங்கி விக்கிற சொத்து இல்லைன்னு 1969 டிசம்பர் 24 அன்னைக்கு பேஸ்பால் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். அடுத்து வழக்கு. வருஷத்துக்கு 90,000 டாலர் வாங்குற ஆளுக்கு என்ன குறைன்னு கேட்டாங்க. சம்பளம் அதிகமா வாங்கினாலும் அடிமை அடிமைதான்னார். ஓய்வு பெற்ற ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். அப்போ ஆடிக்கிட்டிருந்தவங்க ஒருத்தர் கூட கோர்ட் பக்கம் வரலை.

1972ல 5-3ன்னு தோத்தார். பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம்தான், இந்த விலக்கு ஒரு முரண்தான்னு தீர்ப்புலயே ஒத்துக்கிட்டாங்க. ஆனாலும் திருத்தலை! அதுக்குள்ள அவர் ஆட்ட வாழ்க்கையும் முடிஞ்சு போச்சு. 1970 சீசன் முழுக்க ஆடலை, 1971ல வெறும் 13 ஆட்டம்.

விடுதலை வேற வழியா வந்துச்சு. 1975 டிசம்பர்ல, அணி ஒரு வருஷம்தான் புதுப்பிக்க முடியும், அதுக்கப்புறம் வீரர் சுதந்திரம்னு பீட்டர் சைட்ஸ்ங்கிற நடுவர் சொன்னார். கோர்ட் சரி பண்ணாத பக்குக்கு ஒரு ஒர்க்கரவுண்ட். பலன் எல்லாம் அடுத்து வந்தவங்களுக்கு.

ஃப்ளட் 1997 ஜனவரியில இறந்துட்டார். 1998ல பெரிய லீக் வீரர்களோட வேலை விஷயத்துல மட்டும் அந்த விலக்கை நீக்கி காங்கிரஸ் சட்டம் போட்டுச்சு. பேரு கர்ட் ஃப்ளட் சட்டம்.

பக்கைச் சொன்னவர் பேர்லயே பேட்ச் வந்துச்சு. பாக்கத்தான் அவர் இல்லை.