தென்திசைச் சோதி: ஓர் ஐதிஹ்ய விசாரம்

வடநாட்டு யாத்திரையில் திருவயோத்தியில் எழுந்தருளியிருந்த மதுரகவியாழ்வார், ஓர் இரவு தென்திசையில் பேரொளி ஒன்றைக் கண்டார். அதனையே வழித்துணையாகக் கொண்டு நடந்து, திருக்குருகூரில் திருப்புளியடியில் வீற்றிருந்த நம்மாழ்வாரைச் சேவித்தார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. அவ்வொளி யாது என்று இக்காலத்தார் வினவுகின்றனர். வினவுதல் அபசாரமன்று. ஊர் வேகிறதோ, காட்டுத்தீயோ என்று முதலில் ஐயுற்றவர் அவ்வாழ்வாரே என்றுதான் பெரியோர் சொல்லிப் போந்தனர்.

தீயாயின், அது அயோத்திக்கு அணித்தாதல் வேண்டும். இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். நிலவுலகு உருண்டையாதலின், குருகூரின் மேல் நிற்கும் ஒளி அயோத்தியில் தோன்ற வேண்டுமாயின் அது 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் நிற்றல் வேண்டும். சதுப்பு நிலத்தில் தோன்றி, நாட்டார் கொள்ளிவாய்ப் பிசாசு என்று அஞ்சும் ஒளியோ எனின், அது அருகிருப்பார்க்கே புலனாவது. அகஸ்திய நக்ஷத்திரமோ எனின், அது அயோத்தியில் அடிவானத்துக்கு மேல் சுமார் 10 பாகையும் குருகூரில் சுமார் 28 பாகையும் எழுவது. தெற்கே செல்லச் செல்ல உயருமேயன்றி, ஓர் ஊரை அடைந்தவுடன் மறையாது. ஆகவே இவற்றுள் எதுவும் ஐதிஹ்யத்தோடு பொருந்துவதாயில்லை.

இனி, நம்மவர் மறைக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. மதுரகவிகள் தாமே அருளிய கண்ணிநுண்சிறுத்தாம்பின் 11 பாசுரங்களிலும் இச்சோதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இவ்வரலாற்றை விரித்துரைக்கும் ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவம், நம்பிள்ளையின் திருவடி சம்பந்தம் பெற்ற பின்பழகிய பெருமாள் ஜீயர் அருளியது. ஆராய்ச்சியாளர் கொள்ளும் காலக்கணக்கின்படி நோக்கினும், ஆழ்வாருக்கும் இந்நூலுக்கும் இடையே சில நூற்றாண்டுகள் உள. எனவே சோதியைக் கொண்டு ஆழ்வாரின் காலத்தைக் கணிக்கப் புகுவது மணலில் மதில் எடுப்பதாம்.

அங்ஙனமாயின் இது வெறுங்கதையோ எனின், அன்று. அப்பாசுரங்கள் வடநாட்டு யாத்திரையையுந்தான் கூறவில்லை. ஆசார்யனையன்றி வேறொன்று அறியாதவர், தாம் வந்த வழியைப் பாடாமை வியப்பன்று. மௌனம் மறுப்பாகாது, அதுபோலவே சான்றும் ஆகாது. இவ்வளவே சரித்திரம் சொல்லத்தக்கது.

ஐதிஹ்யத்தின் உயிர் வேறிடத்தில் உள்ளது. மதுரகவிகளின் அவதாரத் தலம் திருக்கோளூர். அது திருக்குருகூருக்கு அணித்தே உள்ள திருப்பதி. வீட்டு வாசலில் இருந்த நிதியை அறியாது வடகோடி வரை சென்றவரைச் சோதி மீண்டும் அவ்வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. வந்தவர் வேதம் கற்ற அந்தணர், வயதில் மூத்தவர். கண்டதோ வேளாளர் குலத்தில் அவதரித்த இளையவரை. கேள்வி கேட்டுச் சோதித்து, விடை பெற்றபின் அடிபணிந்தார். குலமும் வயதும் கல்வியும் அங்கே குறுக்கிடவில்லை.

ஆழ்வார் சந்நிதிக்கு மிக அருகில் குடியிருந்தும் ஆழ்வாரை உணராதிருத்தல் எம்மனோர்க்கும் உள்ள குறையே. அச்சோதியை வால்மீன் என்றோ வானத்து நெருப்பு என்றோ நிறுவி அதற்கு மதிப்புத் தேட முயல்வோர், அது எவரிடம் கொண்டு சேர்த்தது என்பதை மறந்துவிடுகின்றனர். திருப்புளியடியை அடைந்தபின் அவ்வொளி மறைந்தது என்பர். ஆசார்யனைக் காட்டியதோடு அதன் காரியம் முடிந்தது.