பணம்படைத்தோர் நோய்

பெண்களைப் பற்றும் நோயொன்று ஐக்கிய அமெரிக்காவிலே நெடுங்காலமாக ‘உத்தியோகப் பெண்களின் நோய்’ என்று வழங்கப்பட்டது. எண்டோமெற்றியோசிஸ் என்பது அதன் வைத்தியப் பெயர். கருப்பையின் உட்படையை ஒத்த இழையம் சூலகத்திலும் வயிற்றறையிலும் படர்ந்து, உறுப்புக்களை ஒன்றோடொன்று ஒட்டச்செய்கிறது. பொறுத்தற்கரிய வலியைத் தருவதோடு பலருக்குப் பிள்ளைப்பேற்றையும் அது தடுக்கிறது. அல்பனி நகரத்து வைத்தியர் ஜோன் சாம்ப்சன் 1921இல் சூலகக் கட்டிகளை ஆராய்ந்து இதனை விளக்கினார்.

விஞ்ஞானம் இவ்வளவில் நிற்க, சமூகத்தின் தப்பெண்ணங்கள் உள்ளே நுழைந்தன. பொஸ்டன் நகரத்துப் பிரபல வைத்தியர் ஜோ மீக்ஸ், தம்மிடம் பணங்கொடுத்து வரும் பெண்களிடமே இந்நோய் மிகுதியென்றும் பொதுவாட்டு நோயாளரிடம் குறைவென்றும் 1940களில் எழுதினார். வசதிபடைத்தோர் காலந்தாழ்த்தி மணந்து பிள்ளைப்பேற்றை ஒத்திவைப்பதே காரணம்; இளமையில் மணந்து விரைவிற் பிள்ளை பெறுவதே பரிகாரம் என்பது அவர் கண்ட முடிவு. பிள்ளையில்லையே என்று அழுதுவந்தவளுக்குப் பிள்ளையே மருந்தாயிற்று! எவளுடைய வலியை வைத்தியர் செவிமடுத்து ஆராய்ந்தாரோ அவளுக்கே நோய் ‘இருந்தது’ என்ற எளிய விளக்கம் ஏனோ புறக்கணிக்கப்பட்டது.

ஏழைப் பெண்ணுக்கு, அதிலும் கறுப்பினப் பெண்ணுக்கு, அதே வலி வந்தபோது அது பாலுறவாற் பரவிய தொற்று என்று எழுதிவிடுவது வழக்கமாயிருந்தது. சிக்காகோ வைத்தியர் டொனால்ட் சற்மன், வயிற்றறையுட் கருவியைச் செலுத்திப் பார்த்து, 1976இல் உண்மையை வெளியிட்டார். அவர் சோதித்த கறுப்பினப் பெண்களுள் ஐந்திலொரு பங்கிற்கு மேற்பட்டோருக்கு எண்டோமெற்றியோசிஸ் இருந்தது. அவர்களுட் பலர் முன்னர்த் தொற்றுநோயாளர் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். நோயோடு பழியையும் அவர்கள் சுமந்திருந்தனர்.

சிகிச்சையின் வரலாறும் நேர்வழிச் சென்றதன்று. 1958இல் பொஸ்டன் வைத்தியர் றொபேட் கிஸ்ட்னர், ஓமோன் மாத்திரைகளாற் பொய்க்கர்ப்ப நிலையை உண்டாக்கும் முறையை முன்வைத்தார். 1970களில் டனசோல் வந்தது. வலி தணிந்தது உண்மையே. ஆயின் இவை முட்டை வெளிப்படுதலை நிறுத்துவன. மருந்தை நிறுத்திய பின்னருங் கருத்தரிக்கும் வாய்ப்பு இவற்றாற் பெருகவில்லையெனப் பிந்திய ஆய்வுகள் காட்டின. முப்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி இவ்வாறு இழந்த மாதங்களுக்கு யார் ஈடுசெய்வது?

கனடாவில் 341 பெண்களிடம் நடத்தப்பெற்று 1997இல் வெளியான ஆய்வு, நோய் இலேசானவிடத்துச் சத்திரசிகிச்சை பயன்தருமெனக் காட்டியது: 36 வாரங்களிற் கருவுற்று அக்கரு நிலைத்தவர்கள், சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 31, பெறாதோருள் 18. கட்டியை அகற்றுகையிற் சூலகத்தின் முட்டைகளும் குறையக்கூடும் என்பது இதன் மறுபக்கம். 1978இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிறவுண் பிறந்ததிலிருந்து, குழாய்கள் சிதைந்த பெண்களுக்கும் உடலுக்கு வெளியே கருக்கட்டும் வழி திறந்தது.

மீக்ஸ் வாழ்ந்த மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, மலட்டுத்தன்மைக்கான சிகிச்சைச் செலவைக் காப்புறுதிக் கம்பனிகள் ஏற்கவேண்டுமென 1987இற் சட்டம் பிறந்தது. அது தனியார் காப்புறுதி உடையோருக்கான சட்டம். அரசின் வறியோர் உதவியில் வைத்தியம் பெற்ற பெண்கள் அதில் அடங்கவில்லை.