லயத்துச் சுவரில் ஓவியம்

மெர்லிமாவ் வட்டாரத் தமிழர் வீடுகளில் ஓவியம் சேர்க்கும் வழக்கம் சாமி படத்தில் தொடங்கியது. மலாக்கா மாநிலத்தின் தென்பகுதியில், ஜாசின் மாவட்டத்தில் உள்ள இந்தச் சிற்றூரைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் பரவியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு முன்னோடி டான் சாய் யான். 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட அவர், பிறகு புக்கிட் அசகானில் பெரிய தோட்டமே போட்டார். காடு வெட்டவும் பால் மரம் சீவவும் கங்காணிகள் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து ஆள் திரட்டி வந்தார்கள். வந்தவர்களுக்குக் கிடைத்தது லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறை, வெளியே ஒரு திண்ணை, பலகைச் சுவர். அந்தச் சுவர்தான் பின்னாளில் அவர்களுடைய படக்கூடம் ஆனது.

அவர்கள் விட்டு வந்த ஊரில் ஓவியம் மாட்டுவது வசதி படைத்தவர் காரியம். தஞ்சாவூர்ப் படம் பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணக் கலவையால் மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டிச் செய்வது. மிராசுதார் வீட்டிலும் செட்டிநாட்டு வளவிலும்தான் அதைக் காண முடியும். கண்ணாடியின் பின்புறத்தில் வரைந்த படம் அதைவிட மலிவு என்றாலும் கூலிக்காரன் கைக்கு அதுவும் எட்டாது. உழைக்கும் சாதிகளில் பலருக்குக் கோயிலின் உள்ளே நுழைவதற்கே தடை இருந்த காலம் அது. சாமியின் முகத்தை அருகிலிருந்து பார்த்தே அறியாதவர்களும் கப்பலேறியவர்களில் இருந்தார்கள்.

இந்த நிலையை மாற்றியது அச்சு. ராஜா ரவி வர்மா 1894-இல் பம்பாயில் கல் அச்சகம் தொடங்கினார். ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று பல கற்களில் மாறி மாறி அச்சிட்டு, மேலே வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியம் போலவே தோற்றம் தரும் படங்கள் அங்கே உருவாயின. தாமரையில் நிற்கும் லட்சுமியும் வீணையேந்திய சரஸ்வதியும் அரண்மனையிலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கி வந்தார்கள். கடன் நெருக்கடியில் ரவி வர்மா அச்சகத்தை அங்கே பணியாற்றிய ஜெர்மானியர் பிரிட்ஸ் ஷ்லைஷருக்கு விற்றுவிட்டார்; படங்கள் வருவது நிற்கவில்லை. பழைய கற்களோடு அந்த அச்சகம் தீக்கிரையானது 1972-இல். வாங்கிய படத்தை அப்படியே மாட்டாமல், சேலைக்கு ஜரிகையும் நகைக்குச் சம்கியும் ஒட்டி அழகுபடுத்துவது தென்னாட்டு வீடுகளின் வழக்கம். அச்சுப் படம் இதனால் வீட்டுக்கு வீடு வேறுபட்டது.

மலாக்காவுக்கு இந்தப் படங்கள் வந்தபோது அங்கே தமிழ் வீட்டுச் சுவர் என்பது புதிதல்ல. மலாக்கா செட்டிகள் பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்கிறார்கள்; அவர்களுடைய பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் எழுந்தது. காஜா பெராங் செட்டி கிராமத்து வீடுகளின் வாசலில் மாவிலைத் தோரணமும், உள்ளே சாமி படங்களும் உண்டு. மெர்லிமாவிலேயே மலாய் ஊர்த்தலைவர் பெங்குலு அப்துல் கனியின் வீடு, வண்ண ஓடு பதித்த படிக்கட்டுக்குப் பேர்போனது. கண்ணுக்கு அழகானதை வீட்டில் காட்சிக்கு வைக்கும் ஆசை எல்லா இனத்தாருக்கும் பொது. தோட்டத்துத் தமிழனிடம் இல்லாதது காசு மட்டுமே.

லயத்துச் சுவரில் படங்கள் கண்ட இடத்தில் தொங்கவில்லை. நடுவில் வள்ளி தெய்வானையோடு முருகன். ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் லட்சுமி, சரஸ்வதி, பிறகு மாரியம்மன். கீழே பலகையடித்த சாமி மேடையில் விளக்கும் விபூதித் தட்டும். இறந்த பெரியவர்களின் படத்துக்குத் தனி இடம், தனி மாலை. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தோட்டத்தைக் காத்தவர்கள் முனியாண்டியும் மதுரை வீரனும் காளியும். மரத்தடியில் சூலமாகவும் கல்லாகவும் நின்றவர்கள். அச்சகங்களோ புராணத் தெய்வங்களையே மிகுதியாக அச்சிட்டன. வெளியே காவல் தெய்வம், உள்ளே ரவி வர்மாவின் லட்சுமி என்று வழிபாடு இரண்டாகப் பிரிந்ததில் படக்கடைக்கும் பங்கு உண்டு.

சாமி மட்டுமே சுவரை ஆளவில்லை. 1929-இன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார், 1935-இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். சீர்திருத்தக் கருத்து தோட்டங்களை எட்டியபோது சில வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்திலும், சில வீடுகளில் அதற்குப் பதிலாகவும் பெரியார் படம் ஏறியது. 1943-இல் சுபாஸ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்ற பின், ராணுவ உடையில் நிற்கும் நேதாஜி படம் காந்தி, நேரு படங்களோடு சேர்ந்துகொண்டது. 1957-இல் மலாயா விடுதலை பெற்ற பிறகு முதல் பிரதமர் துங்குவுக்கும் இடம் கிடைத்தது. எம்.ஜி.ஆர். வந்த வழி தனி. அவர் சினிமாக் கொட்டகையிலிருந்து நேரே சுவருக்கு வந்தார். ஒரு குடும்பம் எந்த ஆண்டில் எதை நம்பியது என்று அறிய அந்தச் சுவரைப் பார்த்தாலே போதும்.

போருக்குப் பிந்திய படங்களின் ஊற்றுக்கண் கோவில்பட்டியும் சிவகாசியும். சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற சி. கொண்டையா ராஜு (1898–1976) சில காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தவர். பிறகு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தார். 1942-இல் குழு கோவில்பட்டியில் கலைந்தபோது அங்கேயே தங்கி, சீடர்களோடு ஓவியக்கூடம் நடத்தினார். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற சீடர்களும் அவரும் வரைந்தவற்றைச் சிவகாசி அச்சகங்கள் லட்சக்கணக்கில் காலண்டர்களாக்கின. நாடகத் திரையின் தூண்களும் திரைமறைப்பும் பளீரென்ற ஒளியும் அந்தப் படங்களில் தெய்வத்தின் பின்னணியாயின. ரவி வர்மாவின் சரஸ்வதி உயர்குடிப் பெண்ணாகத் தெரிவாள். கொண்டையா ராஜுவின் தெய்வங்களோ பார்ப்பவரை நேருக்கு நேர் நோக்கி அருள்பவர்கள். பூசைக்கு எது பொருத்தம் என்பதில் மக்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. விற்பனையில் கொண்டையா ராஜு மரபே வென்றது.

மளிகைக்கடைக்காரர் தீபாவளிக்கோ ஆண்டு முடிவிலோ கொடுக்கும் காலண்டர், ஏழை வீட்டின் இலவச ஓவியம். ஆண்டு தீர்ந்ததும் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் வெட்டி எடுத்து, பட்டணத்துக் கடையில் கொடுத்துக் கண்ணாடி போட்டு வாங்குவார்கள். மாசி மகத்துக்கு மலாக்கா சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கும், தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கும் போனவர்கள் திருவிழாக் கடையில் புதுப் படம் வாங்கி வந்தார்கள். படத்துக்குக் கண்ணாடி போட்டது அலங்காரத்துக்காக அல்ல. ஈரக்காற்று தாளில் கறை ஏற்றும், அடுப்புப் புகை நிறத்தை மங்கவைக்கும், பின்பலகையைக் கரையான் அரிக்கும். தேர்ந்தெடுப்பது, வாங்குவது, சட்டம் போடுவது, வரிசைப்படுத்துவது, பாதுகாப்பது என்று சேகரிப்பாளர் செய்யும் வேலை அத்தனையும் லயத்தில் நடந்தது, விலைக்கு விற்பது ஒன்றைத் தவிர. இதைக் கலைச் சேகரிப்பு என்று சொல்லத் தயங்குபவர்கள் ஓவியத்தின் விலையைத்தான் பார்க்கிறார்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி, குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புகளின் வரிசை வீடுகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. சாமி மேடை அங்கே தனி அறையானது, அல்லது கூடத்தின் மூலையில் ஓர் அலமாரிக்குள் ஒடுங்கியது. 2006-இல் பத்துமலையில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை நிறுவப்பட்ட பின், அந்தப் பொன்னிற உருவமே புதுப் படமாக வீடுகளுக்கு வந்தது. கோவில்பட்டி வரையாத, மலேசிய மண்ணில் பிறந்த படம் அது.

பழைய படங்கள் இன்று அரிதாகக் கிடைப்பதற்கு வழக்கமே காரணம். கண்ணாடி உடைந்த, நிறம் போன சாமி படத்தை வீட்டில் வைப்பதில்லை. குப்பையில் போடுவதும் பாவம். கோயில் அரச மரத்தடியில் சாய்த்து வைப்பார்கள் அல்லது ஆற்றில் விடுவார்கள். மழை மிச்சத்தை முடித்துவிடும். மாறாக, அமெரிக்கப் பேராசிரியர் எச். டேனியல் ஸ்மித் சேர்த்த ஆயிரக்கணக்கான இந்தியச் சாமி படங்கள் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக உள்ளன. எஞ்சிய படம் ஒன்றின் காலத்தைக் கணிக்கப் பெரிதும் உதவுவது, கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் உள்ள ஓவியர் பெயரும் அச்சகத்தின் பெயரும். சட்டம் போடும்போது பெரும்பாலும் மறைந்துபோவதும் அந்த ஓரமே.