கிச்சடி ஏறிய கப்பல்

ஒன்பதாம் வகுப்பில் ஒராபி பாஷாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தெல் அல் கபீரில் 1882இல் தோற்றது, 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கியது, ஸாஹிராவின் தொடக்கத்துக்குத் துணைநின்றது எல்லாம் சொன்னேன். பின் வாங்கிலிருந்து ஒரு பொடியன் எழும்பினான்.

"சேர், அவங்கட ஊர்ல என்ன சேர் சாப்பாடு?"

தெரியாது என்று சொல்ல வாத்தியார்மாருக்கு வாய் கூசும். ரொட்டி என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

கெய்ரோத் தெருக்களில் ஏழை வயிற்றை நிரப்புவது கொஷரி. சோறு, பருப்பு, மக்கரோனி, கடலை. மேலே தக்காளிக் குழம்பும் பொரித்த வெங்காயமும். உள்ளியும் வினாகிரியும் கலந்த நீரைத் தனியாக வைப்பார்கள். மக்கரோனியும் தக்காளியும் பின்னால் ஒட்டிக்கொண்டவை. அடியில் கிடப்பது நமது கிச்சடிதான், பெயரே சொல்கிறது.

அது எப்படி அங்கே போனது? பிரித்தானியச் சேனையோடு வந்த இந்தியச் சிப்பாய்கள் கொண்டுவந்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். ஒராபியைத் தோற்கடித்த படையிலும் இந்தியர் இருந்தது உண்மையே. என்றாலும் அந்தக் கதையை நான் ஏற்கவில்லை. ஹஜ்ஜுக்காக மாறுவேடத்தில் புறப்பட்ட ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேயர், 1853இல் சுயெஸ் வாசிகள் அரிசியும் பருப்பும் கலந்த இவ்வுணவைக் காலையில் உண்பதாகக் குறித்திருக்கிறார். பிரித்தானியர் எகிப்தைப் பிடிப்பதற்கு 29 வருடங்களுக்கு முன்! சுயெஸ் ஹாஜிகளும் வணிகரும் இறங்கும் துறை. துப்பாக்கி பிடித்தவனுக்கு முன்னரே இஹ்ராம் துணியும் பண்டப் பொதியும் சுமந்தவர்கள் அதைக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பதே என் முடிவு. பதினான்காம் நூற்றாண்டில் இந்தியாவில் பயறும் அரிசியும் சேர்த்துச் சமைத்து நெய்யோடு காலையில் உண்பதைக் கண்டு, 'கிஷ்ரி' என்று பெயரும் எழுதிவைத்தவர் இப்னு பதூதா. 1344இல் நமது பாவா ஆதம் மலைக்கு ஏறிய அதே மனிதர். ஒரு சாப்பாட்டின் வரவைக்கூட ஆக்கிரமித்தவனின் கணக்கில் எழுதிவிடுகிறோமே என்பதுதான் என் மனத்தாங்கல்.

பிறகு கொஷரி தள்ளுவண்டியில் ஏறியது. 1950இல் வண்டியோடு தொடங்கிய அபூ தாரிக், கெய்ரோவின் ஷம்போலியோன் வீதியில் பல மாடிக் கடையானது. "எமக்கு வேறு கிளைகள் இல்லை" என்பது அக்கடையின் பெயர்பெற்ற அறிவிப்பு. ஸூபா என்ற நிறுவனத்தின் போக்கு வேறு. 2012இல் கெய்ரோவில் தொடங்கி, தெருச் சாப்பாட்டைப் பளபளப்பான கடைக்குள் கொண்டுவந்து, 2019இல் நியூயோர்க்கிலும் கிளை திறந்தது. அங்கே கொஷரி வாங்கியவனுக்கு சுயெஸ் துறைமுகம் ஞாபகத்துக்கு வந்திருக்குமா?

இறைச்சி இல்லை, மீன் இல்லை. எண்ணெயில் சமைத்தால் நெய்யும் இல்லை. ஆகவே கொப்டிக் கிறிஸ்தவர்களும் தங்கள் விரத நாட்களில் இதைச் சாப்பிடுகிறார்கள்.

அடுத்த கிழமை வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டு இவ்வளவையும் சொன்னேன். பொடியன் கவனமாகக் கேட்டான்.

"மீனும் இல்லாம எப்பிடி சேர் திண்டாங்க?"

கடற்கரை ஊர்ப் பிள்ளை. இம்முறை தெரியாது என்றே சொன்னேன்.